பதினொன்று பத்துக்கு விழுந்த பெட்டி

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. படிப்பை முடித்த கையோடு, படூர் பக்கம் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீடு கல்பாக்கம் குடியிருப்பில். காலை ஏழு மணிக்குக் கல்லூரியின் ஊழியர் பேருந்து அங்கிருந்து கிளம்பும். சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், திருவிடந்தை என்று கடலோரமாகவே வந்து, கோவளத்தில் இடதுபக்கம் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கல்லூரிக்குப் போய்ச் சேரும். அந்தப் பயண நேரத்தில் நான் அன்றைய வேலைகளைப் பட்டியல் போட்டுவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். ஒரு ஊறுகாய் பாட்டில் வாங்கப் போனாலும் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டு போகிற ஆள் நான்.

கல்லூரியில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள் பதினான்கு இருந்தன. எங்கள் தொழிலில் அவற்றை ஸ்விட்ச் என்போம். விளக்குப் போடுகிற ஸ்விட்ச்சோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே பெட்டி என்றே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டியிருக்கும். அவை நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க நான் மாடி மாடியாக ஏற வேண்டியதில்லை. என் அறையில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். எத்தனை நேரமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறாய், எந்தெந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது, எவ்வளவு தகவல் வந்து போயிற்று என்று பெட்டியையே கேட்டுவிடலாம். அதுவும் வரிசையாகப் பதில் சொல்லும். ஒரு கேள்வி மட்டும் கேட்கிற கட்டளையும் உண்டு. எஸ்என்எம்பி வாக் என்கிற கட்டளையோ ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று கடைசிக் கேள்வி வரை நடந்தே போய்விடும். எனக்குப் பிடித்தது அதுதான். பட்டியல் பைத்தியத்துக்கு வேறென்ன பிடிக்கும்?

தினமும் பதினொரு மணிக்கு, டீ குடித்துவிட்டு வந்ததும், பதினான்கு பெட்டிகளையும் வரிசையாகக் கேட்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். ஓட்டிவிட்டுக் கோப்பு வேலையைப் பார்ப்பேன். பதில்கள் தனித்தனிக் கோப்புகளில் போய் உட்காரும். ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற சுருக்கம் மட்டும் திரையில் வரும். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன்.

நிரலை ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒன்பதாம் பெட்டி மக்கர் செய்தது. மற்றவையெல்லாம் நாற்பது நாள், அறுபது நாள் என்று சொல்ல, அது மட்டும் இருபத்துமூன்று மணி ஐம்பத்தேழு நிமிடம் என்றது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. அதாவது, முந்தின நாள் பதினொன்று பத்து வாக்கில் அந்தப் பெட்டி அணைந்து மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. கம்ப்யூட்டர் லேபிலிருந்தும் புகார் வந்தது: தினமும் அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் எல்லா இணைப்பும் போய்விடுகிறதாம், மாணவர்கள் பாதி வேலையில் தவிக்கிறார்களாம்.

யாரோ ஒயரைப் பிடுங்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அந்த மாடிக்குப் போய்வரக்கூடிய எல்லாரையும் வரிசையாக எழுதினேன். பெருக்குகிறவர், லேப் பொறுப்பாளர், தண்ணீர் கேன் கொண்டுவருபவர், எலெக்ட்ரீஷியன். ஒவ்வொருவருக்கும் எதிரே அந்த மாடிக்குப் போகும் நேரம். எலெக்ட்ரீஷியன் பெயருக்கு எதிரே நேரம் எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. அந்த மாடியில் இருக்கும் மின்பலகையில் அவர் தினமும் ரீடிங் எடுத்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். நேரம்: 11.10. எல்லாப் பக்கத்திலும் 11.10.

போதாக்குறைக்கு, பெட்டிக்குக் கரண்ட் வரும் அதே பலகையில் அவர் தன் செல்போனைச் சார்ஜ் போட்டிருந்ததை ஒருநாள் நானே பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி விழவில்லை. ஞாயிறு அவருக்கு விடுமுறை. இனி என்ன வேண்டும்?

அவருக்கு முப்பது வயது இருக்கும். சதுரங்கப்பட்டினத்துக்காரர். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர் என்பதால், போகச் சொன்னால் போக வேண்டியதுதான். எங்கள் பேருந்திலேதான் வருவார். கடைசி இருக்கையில் உட்கார்ந்து வழிநெடுகப் பேசிச் சிரிக்க வைப்பார். நான் முன்னிருக்கை, அவரிடம் அதிகம் பேசியதில்லை.

திங்கட்கிழமைகளில் நிர்வாக அலுவலர், எல்லார் வாயிலும் ஏஓ, ஒரு கூட்டம் நடத்துவார். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் என்று, என்னைத் தவிர எட்டுப் பேர் இருப்பார்கள். அங்கே நான் எழுந்து, என் நோட்டையும் ரெஜிஸ்டரின் நகலையும் மேஜைமேல் வைத்து, நிதானமாக ஒவ்வொரு குறிப்பாகப் படித்தேன். சொல்லும்போது ரொம்பப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

நிர்வாக அலுவலர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்து வாசலோரம் நின்றார்.

“ரெஜிஸ்டர்ல இருக்கறது உன் கையெழுத்துதானே?”

“ஆமா சார், என்னுதுதான்.”

“டைம் 11.10?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்னப்பா?”

“சார், போறேன், ரீடிங் எழுதறேன், வரேன். அந்தப் பெட்டி மேல என் நெழலு கூட வுழாது சார். செல்லு சார்ஜ் போட்டது ஒரே ஒரு நாளு. அது காலி பிளக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் பேசிவிடுவதாக நிர்வாக அலுவலர் சொன்னார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. என் பட்டியலில் அந்த வரிக்கு ஒரு டிக் போட்டேன்.

அன்று மாலை பேருந்தில் எலெக்ட்ரீஷியன் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கேளம்பாக்கம் தாண்டியதும் யாரோ மின்விசிறியைப் போட எழுந்தார்கள். கடைசி இருக்கையிலிருந்து குரல் வந்தது.

“அய்யே, ஸ்விட்ச்சத் தொடாத அண்ணாத்த! டைம் எழுதிடுவாங்க!”

பேருந்தே சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள், பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் அறைக் கதவு தட்டப்பட்டது. அவர்தான். கையில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம்.

“குந்திக்கலாமா மேடம்?”

“என்ன அண்ணா, ஏதாவது வேலையா?”

“ஒண்ணும் இல்ல. பதினொண்ணு பத்துக்கு நான் எங்க கீறேன்னு நீங்களே பாத்து எழுதிக்கங்க.”

“ரீடிங் எடுக்கணுமே?”

“இன்னிக்கு லேட்டா எடுத்துக்கறேன். அதுக்கும் ஒரு பேப்பர் எழுதுவீங்களா?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வழக்கப்படி பதினொரு மணிக்கு நிரலை ஓட்டினேன். திரையில் முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி என்று சுருக்கம் வந்துகொண்டிருந்தது. அவர் கடலையைத் தின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று பத்து. இன்டர்காம் அடித்தது. லேப் பொறுப்பாளர்.

“மேடம், மறுபடியும் போச்சு!”

அவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். “நான் இல்ல.”

எனக்கு உடனே அவர்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. ஆனால் என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள்: அப்படியானால் பட்டியலில் இருக்கும் மற்ற மூன்று பேரில் ஒருவர் என்று, நோட்டைத் திறந்து பெருக்குகிறவர் பெயருக்குக் கீழே கோடு போட்டேன்.

“மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. போன் வந்துச்சே, அப்போ நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையே. கேள்விதான் கேட்டுட்டு இருந்தேன்.”

“யாரை?”

“பெட்டியை.”

“எந்தப் பெட்டிய?”

திரையைப் பார்த்தேன். எட்டுப் பெட்டிகளின் பதில் முடிந்திருந்தது. அதற்குக் கீழே, பாதியில் நின்றுகொண்டிருந்தது ஒன்பது.

“ஞாயித்துக்கெழம நான் லீவு, அதனால வுழலன்னு மீட்டிங்ல சொன்னீங்க இல்ல?” என்றார் அவர். “கரீட்டு. ஞாயித்துக்கெழம நீங்க வர்றீங்களா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “கேள்வி கேட்டா எப்படி அண்ணா விழும்? டாக்டர் நாடி பிடிச்சுப் பார்த்தா பேஷன்ட் செத்துப்போயிடுவாரா?”

“சில டாக்டரு புடிச்சா பூடுவாங்க மேடம்.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

சோதித்துப் பார்ப்போம் என்று சொன்னவரும் அவரே. மதியம் லேப் காலியானதும், ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பை எடுத்துக்கொண்டு மேலே போனார். பெட்டிக்குக் கரண்ட் வரும் அதே பலகையில் பல்பையும் செருகினார். கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து அணைய வேண்டும். லேப் இன்டர்காமைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

“பல்பு எரியுது. பெட்டில பச்ச லைட்டெல்லாம் கண்ணடிச்சிகினு கீது. ம், கேளுங்க.”

ஒன்பதாம் பெட்டிக்கு மட்டும் கட்டளையைத் தட்டினேன். பதில்கள் சரசரவென்று ஓடின. முக்கால் நிமிடம் இருக்கும். திரை நின்றது.

“அய்யோ, மொத்தமா அணைஞ்சிடுச்சு மேடம்! பல்பு எரிஞ்சிகினே கீது!”

“நிஜமாவா?”

“நான் இன்னா, காமெடியா பண்றேன்? கொஞ்சம் இருங்க… வருது, வருது. வந்துடுச்சு. இன்னொரு தபா கேளுங்க.”

இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை விழுந்தது.

“இப்போ கேக்காம சும்மா குந்திகினு இருங்க.”

பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே மிக நீண்ட பத்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும்.

“ஒண்ணும் ஆவல,” என்றது இன்டர்காம். “கேக்காம வுட்டா நல்லாத்தான் கீது, பாவம்.”

அதன்பிறகுதான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒன்பதாம் பெட்டியின் பழைய பதில் கோப்புகளைத் திறந்தேன். எல்லாமே பாதிக் கோப்புகள். கரண்ட் போனதால் பாதியில் நின்றிருக்கிறது என்று நினைத்துத் திறக்காமலே வைத்திருந்தேன். எல்லாம் ஒரே வரியில் நின்றிருந்தன. அந்தப் பெட்டி வேறொரு கட்டடத்திலிருந்து கொண்டுவந்து மாட்டிய பழைய மாடல்; மற்ற பதின்மூன்றும் புதியவை. அதன் உள் மென்பொருளில் ஒரு கோளாறு இருந்தது. ஒரு குறிப்பிட்ட கேள்வி வந்ததும் அது திணறிப்போய்த் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி தொடங்கும். தயாரித்தவர்களின் இணையதளத்தில் ‘தெரிந்த பிழைகள்’ என்ற தலைப்பில் அது போட்டே இருந்தது. இருபத்துமூன்று மணி ஐம்பத்தேழு நிமிடம் என்று தினமும் பிசகாமல் வந்ததே, அது யாருடைய ஒழுங்கு? இந்த ஊரில் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே வேலையைச் செய்கிறவள் வேறு யார்?

ஒரு புதன்கிழமை நான் அக்காவின் வளைகாப்புக்கு விடுமுறை எடுத்திருந்தேன். மறுநாள் அந்தப் பெட்டி ஏறக்குறைய நாற்பத்தெட்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தது. அதையும் நோட்டில் எழுதியிருந்தேன், பக்கத்தில் ‘அன்று ரீடிங் தாமதமாக எடுத்திருக்கலாம்’ என்ற குறிப்போடு. ரெஜிஸ்டரில் அன்றும் 11.10 என்றுதான் இருந்தது. நான் பார்க்கவே இல்லை.

சோதனை செய்த மறுநாள், புதன்கிழமை காலை முதல் வேலையாக, நடந்ததை ஒரு தாளில் எழுதி நிர்வாக அலுவலரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

“சரிம்மா. கான்ட்ராக்டர்கிட்ட ஆள் மாத்த வேணாம்னு சொல்லிடறேன். இதோட விட்டுடு.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. எலெக்ட்ரீஷியனின் வேலை பிழைத்தது. விஷயம் நான்கு சுவருக்குள் முடிந்தது.

மாலையில் பேருந்தில் இதை அவரிடம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கோவளம் திருப்பத்தில் அவரே முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் இருக்கை அருகே நின்றார். சிரிக்கவில்லை.

“ஏஓ கூப்ட்டு சொன்னாரு மேடம். ரொம்ப சந்தோஷம்.”

“நான்தான் அண்ணா ஸாரி சொல்லணும்.”

“அது இருக்கட்டும். மேடம், என்னைச் சொன்னது எட்டு பேரு முன்னாடி. அந்த எட்டு பேரும் அவங்கவங்க எடத்துல போய்ச் சொல்லிட்டாங்க. மெஸ்ஸுல நாஸ்தா துண்ணும்போது ஒருத்தன் கேக்கறான், ‘இன்னாடா, நீதான் தெனமும் ஒயரப் புடுங்கினியாமே’ன்னு. அவன் எங்க ஊருதான். எங்க தெருவுக்கே சொல்லிடுவான். ஏஓ ரூம்ல நீங்க பேப்பர் குடுத்தது அவனுக்குத் தெரியுமா?”

நான் மடியில் இருந்த நோட்டை மூடினேன்.

“வேல போயிருந்தா வேற எடத்துல பாத்துக்குவேன் மேடம். தொழிலு கையில கீது. இது பேஜாரு புடிச்ச பேரு. ஒரு தபா ஒட்டிகினா எங்க போனாலும் கூடவே வரும்.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அன்று பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. திருவிடந்தை, மாமல்லபுரம் எல்லாம் எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியாது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு நாளும் என்ன சொல்வது என்று எழுதி எழுதிக் கிழித்தேன். ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் அழகாக வந்தது. அதில் பெட்டி இருந்தது, மென்பொருள் இருந்தது, தயாரிப்பாளர் இருந்தார். நான் மட்டும் இல்லை. திங்கட்கிழமை ஜுரம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அம்மாவிடம் சொன்னேன். “ஜுரம் செவ்வாய்க்கிழமை சரியாயிடும். அதுக்கடுத்த திங்கட்கிழமை என்ன பண்ணுவே?” என்று கேட்டுவிட்டு, தோசையைத் திருப்பிப் போட்டாள்.

திங்கட்கிழமை போனேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே நிர்வாக அலுவலரிடம் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். எட்டுப் பேரும் வந்தாயிற்று. அவரும் வந்து போன தடவை நின்ற அதே வாசலோரம் நின்றார். நான் எழுந்தேன். கையில் தாள் இல்லை.

“போன திங்கட்கிழமை இவர்மேல நான் சொன்னது தப்பு. இவர் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. தினமும் அதை விழ வெச்சது நான்தான்.”

 நூலகர் மெதுவாக, “நீ எப்படிம்மா?” என்று கேட்டார். நடந்ததை விட்டுவிடாமல் சொன்னேன்: கேள்வி கேட்டது, பெட்டி மயங்கி விழுந்தது, இவரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது, குண்டு பல்பு, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தது. நாடி பிடிக்கிற டாக்டரைப் பற்றிச் சொன்னபோது முதல் சிரிப்பு வந்தது. முடிக்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

“அப்போ கான்ட்ராக்டர்கிட்ட இந்தம்மாவை மாத்தச் சொல்லட்டுமா?” என்றார் நிர்வாக அலுவலர்.

“வேணாம் சார்,” என்றது வாசலோரக் குரல். “மேடம் நல்லவங்கதான். கேள்விய மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கச் சொல்லுங்க.”

அறையே அதிர்ந்தது. அந்தக் கதை மதியத்துக்குள் மெஸ்ஸுக்குப் போய்விட்டது. மாலை பேருந்தில் ஏறும்போது ஓட்டுநரே, “மேடம், என் வண்டிய ஏதும் கேட்டுறாதீங்க, நின்னுடப் போகுது” என்றார். அந்தக் கேலி இரண்டு மாதம் ஓடியது. என்னைக் கேலி செய்ய ஆரம்பித்த பிறகு, ஒயர் பிடுங்கிய பேச்சு ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது வேறு ஊரில், பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஏதாவது விழுந்தால் ஒருவரின் பெயர் உடனே நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அது தப்பென்று தெரிந்தால் இதே ஆட்கள் முன்னால் திரும்ப எழுந்து நிற்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று அந்த நேரத்தில் என்னையே கேட்டுக்கொள்கிறேன், பெரும்பாலான நாட்களில் அந்தப் பெயரைச் சொல்லாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.